கித்துள் முட்டியில் சுண்ணாம்பு

கித்துள் மரத்தின் பாளையைச் சீவி முட்டியைக் கட்டினால் அதில் இறங்குவது இனிப்பு நீர். சிங்கள மக்கள் அதனைத் தெலிஜ்ஜ என்பர். அதே நீர் சில மணி நேரம் சென்றதும் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். அப்பொழுது அதன் பெயர் ரா. முன்னதைக் காய்ச்சினால் பாணியும் கருப்பட்டியும் கிடைக்கும். பின்னதைக் காய்ச்சிப் பயனில்லை, குடிக்கலாம், விற்கலாம். மரமும் ஒன்று, முட்டியும் ஒன்று, ஏறுகின்ற மனிதனும் ஒருவனே. ஆயினும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தின்மீது கண்டி மன்னர்கள் ஓர் இராசகாரியப் பகுதியை அமைத்தார்கள். ஆங்கிலேயர் ஒரு குத்தகை முறையையும், பின்னர் ஒரு திணைக்களத்தையும் அமைத்தார்கள். குத்தகைக்காரர் மாளிகைகளை அமைத்துக்கொண்டார்கள். இனிப்பை இனிப்பாகவே காத்து நின்ற குடிசைகளின் வரலாறு மட்டும் எழுதப்படாமற் கிடக்கின்றது.

இனிப்பைக் கட்டுப்படுத்துதல் என்பது வீட்டிலே மது வடிக்கும் எல்லா நாட்டு மக்களும் எதிர்கொண்ட பிரச்சினைதான். திராட்சைச் சாறாயினும் ஆப்பிள் சாறாயினும் அதன் இனிப்பை எவ்விடத்தில் நிறுத்துவது, எவ்வளவு மீதம் வைப்பது என்பதே கேள்வி. போர்த்துக்கல்லின் டூரோ பள்ளத்தாக்கிலே, திராட்சைச் சாறு பாதி நொதித்திருக்கும் நிலையில் அதில் வடிசாராயத்தைக் கலந்து மதுவத்தைக் கொன்றுவிடுவார்கள். எஞ்சிய இனிப்பு அப்படியே நின்றுவிடும். பிரான்சின் நோர்மண்டிக் குடியானவன் வேறொரு வழியைக் கண்டான். ஆப்பிள் சாற்றின் மேல் ஒரு பழுப்பு நிறப் படலம் திரளும்படி விட்டு, அடியிலே தெளிந்து நிற்கும் சாற்றை மட்டும் வேறாக வடித்தெடுத்தான். மதுவத்துக்கு வேண்டிய ஊட்டத்திற் பெரும்பகுதி அப்படலத்தோடு கழிந்துவிடுகின்றது, பட்டினி கிடக்கும் மதுவம் மெல்ல மெல்லவே வேலை செய்கின்றது, இனிப்பு மிஞ்சுகின்றது. படலம் நன்கு திரள்வதற்குச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்ப்பதும் உண்டு. நமது மலைநாட்டுக் கித்துள் சீவுவோனும் சுண்ணாம்பைத்தான் நாடினான். காரணம் வேறு, பொருள் ஒன்று.

அந்தக் காரணத்தைச் சற்று விரித்துக் கூறுவது அவசியம். பாளையிலிருந்து சொட்டும் நீரிலே நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பங்கு வரை சீனிச்சத்து உண்டு. அது பெரும்பாலும் சுக்குரோசு. காற்றிலும் பூச்சிகளின் கால்களிலும் பழைய முட்டியின் சுவர்களிலும் ஒட்டியிருக்கும் மதுவம் இந்நீரிற் புகுந்தவுடன், முதலிலே சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் உடைக்கின்றது; பிறகு அவற்றை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. நிறையளவிற் பார்த்தால் சீனியில் ஏறத்தாழப் பாதி மதுசாரமாகின்றது. மறுபாதி வாயுவாகிப் பறந்துபோகின்றது. ஆகவே பன்னிரண்டு பங்கு இனிப்புள்ள நீர் முற்றாக நொதித்தாலும் ஆறு பங்கு மதுசாரத்தை அதிகம் தாண்டாது. அதற்கு மேலும் விட்டுவைத்தால் வேறொரு நுண்ணுயிர் வந்து மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக மாற்றிவிடும், கள் காடியாகிவிடும். நொதித்தல் உயிருள்ள நுண்ணங்கிகளின் தொழில் என்பதை 1857ஆம் ஆண்டிலிருந்து தொடங்கிய ஆய்வுகளால் லூயி பாஸ்டர் நிறுவினார். ஆனால் முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பைத் தடவினால் நீர் புளிக்காது என்பதைப் பாஸ்டருக்கு முன்னரே நம் நாட்டு உழைப்பாளிகள் கண்டறிந்திருந்தார்கள். சுண்ணாம்பு நீரைக் காரமாக்குகின்றது. காரத்திலே மதுவம் செழிப்பதில்லை. பெயர் தெரியாதபோதும் செயல் தெரிந்திருந்தது.

சுண்ணாம்பு ஒன்றே வழியன்று. ஈரவலயத்துக் காடுகளில் வளரும் ஹல் மரத்தின் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி முட்டியில் இடுவதும் வழக்கம். அப்பட்டையின் துவர்ப்புச் சத்து மதுவத்தின் வேகத்தைத் தணிக்கின்றது. முட்டியைக் கழுவி, வெந்நீர் ஊற்றியும் தீயில் வாட்டியும் தூய்மை செய்வது மூன்றாவது காவல். கள் வேண்டுவோன் இதற்கு நேர்மாறாகச் செய்வான்: முந்திய நாளின் மண்டியை முட்டியின் அடியிலே விட்டுவைப்பான், அடுத்த நாள் நீர் இறங்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். முட்டியைக் கழுவுவதா, விடுவதா என்பதிலேயே ஒரு குடும்பத்தின் அன்றைய பொருளாதாரம் அடங்கியிருந்தது எனலாம்.

சுண்ணாம்பிலும் அளவு வேண்டும். குறைந்தால் சுக்குரோசு உடைந்துவிடும். உடைந்த சீனி இறுகிக் கட்டியாகாது. எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி பிசுபிசுப்பாகவே நிற்கும். கூடினாலோ கட்டி கறுத்துப்போகும். நாவிலே ஒரு கசப்பு நிற்கும். இந்த நுட்பத்தை அளக்க எந்தக் கருவியும் கிராமத்தில் இருக்கவில்லை. விரல் நுனியும் நாவும்தான் கருவிகள். நம் வகுப்பறைகளிலே நொதித்தலின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிப் பாடமாக்குகின்றோம். அதே வகுப்பிலே பின்வாங்கில் இருக்கும் கித்துள் சீவுவோனின் மகன் அதனை வீட்டிலே நாள்தோறும் நிறுத்தியும் ஓடவிட்டும் பழகியவன் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மரத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். கித்துள் தென்னையைப் போல ஆண்டாண்டுக்கும் காய்த்து நிற்கும் மரமன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த பின்னரே முதற் பாளை, அதுவும் உச்சியிலே, தோன்றும். பின்னர் பாளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே வரும். அடிப்பாளையோடு மரத்தின் ஆயுளும் முடிந்துவிடும். விரியாத பாளையைத் தேர்ந்து, அதன் காம்பிலே மிளகு, உள்ளி, உப்பு, சாம்பல் போன்றவற்றை அரைத்த மருந்தை வைத்துக் கட்டி, சில நாள் சென்றபின் சீவத் தொடங்குவார்கள். மருந்தின் செய்முறை தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது, அயலானுக்குச் சொல்லப்படுவதில்லை. காலையும் மாலையும் ஏறவேண்டும். மரத்தோடு குறுக்குத் தடிகளைக் கொடியாற் கட்டி அமைத்த ஏணியே படி. கொடி இற்றுப்போனால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தும்பறையிலும் நாவலப்பிட்டிப் பக்கத்திலும் கினிகத்தேனைச் சரிவுகளிலும் இவ்வாறு விழுந்து முடமானவர்கள் இல்லாத ஊரைக் காண்பது அரிது.

1660ஆம் ஆண்டு முதல் 1679ஆம் ஆண்டு வரை கண்டிய இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலிலே கித்துளைப் பற்றி விரிவாக எழுதுகின்றார். தெலிஜ்ஜ என்ற சொல்லையே அவர் தம் காதுக்கு எட்டியவாறு எழுதிவைத்திருக்கின்றார். நீர் இனிமையானது, உடலுக்கு நல்லது, ஆனால் தண்ணீரைவிட வலுவுடையதன்று என்கின்றார். ஒரு மரம் நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் கொடுக்கும் என்றும், அதைக் காய்ச்சிக் கருஞ்சீனி செய்கின்றார்கள் என்றும், முயன்றால் வெள்ளைச் சீனிக்கு நிகராகவும் செய்யவல்லவர்கள் என்றும் கூறுகின்றார். குடிவெறியை அந்நாட்டு மக்கள் வெறுத்தார்கள் என்பதும் அவரது கூற்று. இதனை முழுவதும் நம்பிவிட வேண்டியதில்லை. சிறைப்பட்டவன் கண்டது ஒரு பகுதியே. ஆயினும் நொக்ஸின் கண்ணுக்குக் கித்துள் முதன்மையாக இனிப்பு மரமாகவே தென்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த இனிப்புக்குப் பின்னால் இருந்த சமூகத்தையும் நோக்குவோம். நொக்ஸ் தரும் சாதி வரிசையிலே கருப்பட்டி செய்வோர் தாழ்ந்த படியிலே வைக்கப்பட்டிருக்கின்றார்கள். ஹக்குரு என்றும் வஹும்புர என்றும் அழைக்கப்பட்ட இம்மக்கள் அரச சமையலறைக்கும் தலைவர்களின் வீடுகளுக்கும் கருப்பட்டியும் பாணியும் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தார்கள். அக்கடமையைத் திரட்டி நிர்வகிப்பதற்குக் கித்துள் பத்த என்ற ஒரு பகுதியே இருந்தது. நிலம் வேண்டுமாயின் சேவை செய்யவேண்டும். சேவை பிறப்பால் வகுக்கப்பட்டிருந்தது. இதுவே இராசகாரியம். மன்னனின் தட்டிலே விழுந்த இனிப்பு, செய்தவனின் பெயருக்கு இழிவாக ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். பனையிலிருந்து கருப்பநீர் இறக்கி ஊருக்குப் பனங்கட்டி கொடுத்தவனுக்கு அவ்வூர்க் கோயிலின் வாசல் அடைக்கப்பட்டிருந்தது. 1960களின் போராட்டங்களை அதற்காகவே நடத்தவேண்டி வந்தது. கருப்பட்டிக்குத் தீட்டில்லை, கைக்கு மட்டும் தீட்டு! நிலப்பிரபுத்துவத்தின் தர்க்கம் இத்தகையது.

1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1832இல், கோல்புறூக் விசாரணையை ஒட்டி, இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. ஆனால் விகாரை, தேவாலய நிலங்களில் சேவைக் கடமை நீடித்தது. 1870ஆம் ஆண்டின் சேவைப் பற்றுக் கட்டளைச் சட்டம்தான் அக்கடமைகளைப் பணமாக மாற்றிச் செலுத்த வழி திறந்தது. இதற்குள்ளே அரசாங்கத்தின் கவனம் இனிப்பிலிருந்து புளிப்புக்குத் திரும்பிவிட்டது. மன்னனுக்குப் பொருள் வேண்டியிருந்தது. தேசாதிபதிக்குப் பணம் வேண்டியிருந்தது. கருப்பட்டியைக் கச்சேரிப் பெட்டியிலே போட முடியாது. சாராயத்தை முடியும்.

ஒல்லாந்தர் கரையோரத்திலே நடத்திவந்த குத்தகை முறையை ஆங்கிலேயர் மலைநாட்டுக்கும் விரித்தார்கள். ஒரு பகுதியிலே சாராயம் விற்கும் தனியுரிமையை ஏலத்தில் விடுவார்கள். எடுத்தவன் அரசுக்குத் தொகையைக் கட்டிவிட்டுத் தன் தவறணைகளிலே எவ்வளவு முடியுமோ அவ்வளவு விற்றுக்கொள்வான். விற்பனை கூடினால் அடுத்த ஏலத்திலே அரசுக்கும் தொகை கூடும். இருவருக்கும் நலம், குடிப்பவனின் வீட்டுக்கே நட்டம். மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் சொய்சா போன்றோர் மலைநாட்டுச் சாராயக் குத்தகையிலே பெருஞ்செல்வம் திரட்டினார்கள். அச்செல்வம் பின்னர் கோப்பித் தோட்டங்களாயிற்று. ஹங்குராங்கெத்தையில் கண்டி மன்னனுக்குரியதாக இருந்த தோட்டத்தையே ஜெரோனிஸ் வாங்கினார். இலங்கையின் முதலாளித்துவ வர்க்கம் பிறந்த வரலாற்றிலே சாராயக் குத்தகைக்குள்ள பங்கை, குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டிலே வெளிவந்த தமது ஆய்விலே தெளிவாகக் காட்டியிருக்கின்றார். அந்நூலைப் படித்தவர்களுக்கு நமது தேசிய வீரர் பட்டியல் சற்று வேறு நிறத்திலே தெரியும்.

குத்தகைச் சாராயம் பெரும்பாலும் களுத்துறைப் பக்கத்துத் தென்னங்கள்ளிலிருந்து வடிக்கப்பட்டது. மலைநாட்டுக் கிராமத்தவன் தன் வீட்டுப் பின்புறத்துக் கித்துளிலிருந்து இறக்கிய கள் அதற்குப் போட்டி. ஆகவே வீட்டுக் கள் குத்தகைக்காரனின் கண்ணுக்குத் திருட்டு. அரசாங்கத்தின் கண்ணுக்குக் குற்றம். தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து தனக்கென இறக்கிக் குடித்துவந்தவன் ஒரே நாளிலே சட்டத்தை மீறியவனாகிவிட்டான். அவன் மாறவில்லை, சட்டம் அவன் வேலிக்குள் வந்து அமர்ந்துகொண்டது.

அப்படியாயின் அவன் ஏன் இனிப்பை மட்டும் காய்ச்சிக்கொண்டு இருக்கவில்லை என்று கேட்கலாம். ஒழுக்க போதகர்கள் இவ்வினாவைப் பல காலமாகக் கேட்டுவருகின்றார்கள். விடை ஒழுக்கத்தில் இல்லை; விறகில் இருக்கின்றது.

ஒரு போத்தல் பாணிக்கு ஏறத்தாழ ஏழு போத்தல் தெலிஜ்ஜ வேண்டும். மிகுதி ஆறு பங்கும் ஆவியாகப் போகவேண்டும். அதற்கு அடுப்பு பல மணி நேரம் எரியவேண்டும். எரிக்க விறகு வேண்டும். பக்கத்திலே நின்று நுரையை அள்ளி, பொங்காமற் கிளறி, பாகின் பதம் பார்த்து இறக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எப்பொழுதும் பெண்ணே. ஆண் மரத்திலிருந்து இறங்கியதோடு அவன் பங்கு முடிந்துவிடும். பெண்ணின் பங்கு அப்பொழுதுதான் தொடங்கும். இறங்கிய நீர் காத்திருக்காது. அவள் காய்ச்சலிற் கிடந்தாலும் பிள்ளை அழுதாலும் அன்றைய நீர் அன்றைக்கே காயவேண்டும். பதம் தவறினால் நாள் முழுவதும் பாடுபட்டது வீண். தப்பாமல் வந்தால் தேங்காய்ச் சிரட்டையில் வார்த்து, ஆறவைத்து, இரண்டு பாதிகளைச் சேர்த்து வாழைச் சருகிலே பொதிந்து கட்டுவாள். சந்தையிலே அதை விற்றுப் பணம் வாங்குகின்றவன் பெரும்பாலும் வேறொருவன்.

கள்ளுக்கோ விறகும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம். முட்டியைக் கழுவாமல் விட்டாற் போதும். பணம் அன்றைக்கே கையிலே விழும்.

இனி விறகின் கதை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலக் கட்டளைச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குச் சொந்தமாக்கியது. முடியிடமிருந்து அந்நிலங்கள் மலிந்த விலைக்குக் கோப்பித் துரைமாரின் கைக்குச் சென்றன. கண்டியைச் சுற்றியிருந்த மலைகள் சில ஆண்டுகளிலேயே மொட்டையடிக்கப்பட்டன. வெட்டப்பட்ட காட்டோடு கித்துளும் போயிற்று, ஹல் பட்டையும் போயிற்று, விறகும் போயிற்று. பயிருக்கு மாற்று நிலமுமில்லை, மேய்ச்சலுக்கு இடமுமில்லை. 1848இல் மாத்தளையிலும் கண்டியிலும் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்குத் துப்பாக்கி வரியையும் நாய் வரியையும் வீதி வரியையும் காரணமாகப் பாடநூல்கள் கூறும். அவை உண்மையே. அவ்வரிகளுக்கு அடியிலே காட்டை இழந்த ஒரு சமூகத்தின் மூச்சுத் திணறலும் இருந்தது. காய்ச்சுவதற்கு விறகில்லாத வீட்டிலே தெலிஜ்ஜ ராவாக மாறுவதை எந்தத் தரும போதனையும் தடுக்காது என்பது என் கருத்து. இதற்கு ஆவணம் காட்டென்றால் காட்டுவது கடினம், ஏனெனில் அடுப்பங்கரையின் கணக்கை எந்த ஏசண்டரும் எழுதிவைக்கவில்லை.

மொட்டையடிக்கப்பட்ட அந்த மலைகளுக்குத்தான் நம் மக்கள் வந்தார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியிலே செத்தவர் போக எஞ்சியவர்கள் கோப்பிக் காட்டிலே நின்றார்கள். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது, கோப்பி செத்தது, 1867இல் லூல்கந்துறையில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, லயம் மாறவில்லை. இம்மக்களுக்குச் சொந்தமாக ஒரு கித்துள் மரமில்லை. முட்டியிலே சுண்ணாம்பு தடவுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையும் இல்லை. ஊரிலே பதநீர் குடித்துப் பழகியவனுக்கு இங்கே கிடைத்தது, தோட்டத்தின் எல்லையிலே குத்தகைக்காரன் திறந்துவைத்த தவறணை. இனிப்பு நீர் அங்கே விற்கப்படுவதில்லை. புளித்ததும் வடித்ததுமே விற்கப்பட்டன.

சம்பள நாளன்று தவறணைக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தைக் காட்டி, கூலிகள் குடிகாரர்கள் என்று துரைமார் எழுதினார்கள். திங்கட்கிழமை பிரட்டுக்கு ஆள் குறைவதே அவர்களுடைய கவலை. கூலி எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்ப்போம். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் 1929இல் முதன்முறையாகக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டபோது, கண்டியை உள்ளிட்ட மத்திய உயரத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், பிள்ளைக்கு 31 சதம். சட்டம் வந்த பின்னரே இவ்வளவு! பெண்ணின் பெயரிலும் பிள்ளையின் பெயரிலும் விழுந்த சதத்தை ஆண் வாங்கிக்கொண்டு வரும் வழியிலே தவறணை இருந்தது. அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியென ஒரு கையாற் கொடுத்ததை, இறைவரியென மறு கையால் வழியிலேயே வாங்கிக்கொண்டது.

1912ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறையைக் கலைத்து, மதுவை ஒரு திணைக்களத்தின் நேரடிப் பிடிக்குள் கொண்டுவந்தது. சாராயத் தவறணையையும் கள்ளுத் தவறணையையும் பிரித்து வைப்பது புதிய திட்டம். கள் மென்மையானது, சாராயம் கொடியது. ஆகவே கள்ளுக்குத் தனிக் கடை திறந்தால் மக்கள் சாராயத்தை விடுவார்கள் என்பது அதிகாரிகளின் வாதம். திறந்தது என்னவோ கிராமங்கள்தோறும் புதிய தவறணைகள். நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1904இல் ஒரு முறை எழுந்து தணிந்திருந்த மதுவிலக்கு இயக்கம் 1912இல் மீண்டும் எழுந்தது. பௌத்த சங்கங்களும் பாடசாலை ஆசிரியர்களும் கிராமத்துப் பிக்குகளும் திரண்டார்கள். அநாகரிக தர்மபாலவின் பத்திரிகை முழங்கியது. எப்.ஆர். சேனநாயக்க, டீ.பி. ஜயதிலக்க முதலியோர் மேடையேறினார்கள்.

இவ்வியக்கத்தை எடைபோடும்போது நாம் இரண்டு தவறுகளைச் செய்யலாகாது. அது வெறும் ஒழுக்கப் பிரசாரம் என்று தள்ளிவிடலாகாது. அந்நிய ஆட்சியின் பணப்பெட்டியிலே கைவைத்த முதலாவது பரந்த மக்கள் இயக்கம் அதுவே. ஆனால் அது முழுமையான விடுதலை இயக்கம் என்று கொண்டாடிவிடவும் ஆகாது. மேடையிலே நின்ற செல்வக் குடும்பங்கள் சிலவற்றின் முன்னோர் சாராயக் குத்தகையிலே கைநனைத்தவர்கள். குடிப்பவனை அவர்கள் கடிந்தார்கள். அவனுடைய கூலியைப் பற்றிப் பேசவில்லை. கித்துள் சீவுவோனின் விறகைப் பற்றியும், கருப்பட்டி காய்ச்சும் பெண்ணின் கண்ணைப் பற்றியும், ஹக்குரு என்று அவனை இழித்துரைக்கும் வழக்கைப் பற்றியும் அம்மேடைகளிலே பேச்சில்லை. மதுவை மறுக்கும் குரலோடு, மாற்று மதத்தானையும் மாற்று இனத்தானையும் மறுக்கும் குரலும் மெல்லக் கலந்து வந்தது. 1915 மே மாத இறுதியில் வெசாக் நாளையொட்டி இதே கண்டி நகரத்துக் காசல் ஹில் வீதியிலேதான் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் தொடங்கியது. ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, மதுவிலக்குத் தலைவர்களையே பிடித்துச் சிறையிலிட்டது. கலவரத்தை அவர்கள் திட்டமிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு பொய். அவர்களுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையிலும் இலண்டனிலும் வாதாடினார். கடையை இழந்த முஸ்லிம் வியாபாரிக்காக வாதாட அப்பெரியார்களில் எவருக்கு நேரம் இருந்தது?

புதிய சட்டம் கித்துள் சீவுவோனை ஒரு விசித்திரமான நிலையிலே வைத்தது. புளித்த கள்ளை இறக்கவும் விற்கவும் அனுமதி வேண்டும். கருப்பட்டிக்காக இனிப்பு நீர் இறக்குவது வேறு. ஆனால் காலையிலே இனிப்பாக இறங்கிய நீர் மதியத்துக்குள் தானாகவே வேறொன்றாக மாறுகின்றதே! உத்தியோகத்தர் வந்து முட்டியை முகர்ந்து பார்க்கும் நேரத்தைப் பொறுத்தது அவனுடைய குற்றமும் குற்றமின்மையும். முட்டியிலே பூசிய சுண்ணாம்பு சமையல் நுட்பமாக இருந்தது போய், சாட்சியப் பொருளாயிற்று.

சென்னை மாகாணத்திலே இது இன்னும் வெளிப்படையாக நிகழ்ந்தது. 1937இல் இராஜாஜியின் மந்திரிசபை சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் மாகாணம் முழுவதும் அது விரிந்தது. கள் இறக்கிப் பிழைத்த ஆயிரக்கணக்கானோர் தொழிலிழந்தார்கள். கலயத்திலே சுண்ணாம்பு பூசிப் பதநீர் இறக்குவோருக்கு மட்டும் வழி விடப்பட்டது. பனைவெல்லத்தைக் கிராமக் கைத்தொழிலாக வளர்க்கவேண்டுமென்று காந்தியடிகள் வற்புறுத்தியதும் இதே காரணத்தினாலேதான், நோக்கம் தூயது. ஆனால் தென்பாண்டிப் பனைத் தொழிலாளியின் பதநீரும் விறகையும் பெண்ணையும் வியாபாரியின் முன்பணத்தையும் நம்பியே கருப்பட்டியாயிற்று. பின்னர் அங்கே நடந்தது நகைப்புக்கும் வேதனைக்கும் உரியது. 1987 முதல் தமிழ்நாட்டிலே கள்ளுக்குத் தடை. 2003 முதல் அரசாங்கமே தன் கடைகளிலே ஆலைச் சாராயத்தை விற்கின்றது. ஏழை இறக்கும் ஆறு பங்கு குற்றம். ஆலை வடிக்கும் நாற்பது பங்கு இறைவரி!

நம் நாட்டிலும் ஆலையின் பக்கம்தான் காற்று வீசியது. சீனி இறக்குமதி மலிந்த காலத்திலே கருப்பட்டி ஏழைப் பண்டமென்று ஒதுக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்திலே சீனி பங்கீட்டுக்கு வந்தபோது, நகரத்து வீடுகளும் வெறுந் தேநீரோடு ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொள்ளப் பழகின. 1977க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டதும் மறந்தன. இப்பொழுது மீண்டும் கித்துள் பாணிக்கு மதிப்பு வந்திருக்கின்றது. அழகிய போத்தல்களில் அடைக்கப்பட்டு உல்லாசப் பயணிகளின் கடைகளில் நிற்கின்றது. கடல் கடந்தும் செல்கின்றது. போத்தலிலே உள்ளது முழுவதும் கித்துளா என்பது வேறு கேள்வி. வெள்ளைச் சீனியைக் காய்ச்சிக் கலப்பது சந்தை முழுவதும் அறிந்த இரகசியம். ஏழு போத்தலைச் சுண்டவைக்கும் வேலையை இரண்டு இறாத்தல் சீனி செய்துவிடுகின்றதென்றால், மரமேறுபவனின் உயிருக்கு என்ன விலை? சீவுவோரின் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவதில்லை, வராதது நியாயமே. உயரத்திலிருந்து விழுந்தால் முதலாளி என்று சொல்லிக்கொள்ள ஒருவனும் இல்லாத தொழில் அது.

தோட்டப் பகுதியிலோ சீனி வேறொரு வேடம் பூண்டது. தென்னையும் கித்துளும் ஓங்காத உயரமான தோட்டங்களுக்குத் தூரத்திலிருந்து வரும் கள், வழியிலே என்னென்னவாக மாறுகின்றது என்பது பற்றிய முறைப்பாடுகள் ஓய்ந்ததில்லை. சீனியும் மதுவமும் தண்ணீரும் சேர்த்துப் புளிக்கவைத்து வடிக்கும் கசிப்பு லயங்களின் பின்புறத்திலே குடியேறியிருக்கின்றது. 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டத்தோடு நாட்டின் மதுக்கடைகள் மூடப்பட்டபோது, சில வாரங்களுக்குள்ளே வீட்டு வடிப்புப் பெருகியதைப் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. அங்கே இனிப்பைக் கட்டுப்படுத்துவோர் எவருமில்லை; போட்ட சீனி முழுவதும் மதுசாரமாகவேண்டும் என்பதே குறி. பிடிபட்டவர்கள் நாட்கூலிகள், தண்டப் பணம் கட்டக் கடன் வாங்கியவர்களும் அவர்களே.

இதே நகரத்துச் சந்தைக்குக் காலை நேரத்திலே வந்தால், வாழைச் சருகிலே பொதிந்த கருப்பட்டியை விரித்து அமர்ந்திருக்கும் கிராமத்துக் கிழவிகளைக் காணலாம். அவர்கள் கையிலே புகைக்கறை. கண்ணிலே அடுப்புச் சிவப்பு. கட்டியை உடைத்து, உட்புறம் மணல் மணலாக இறுகியிருக்கின்றதா என்று காட்டுவார்கள். இறுகியிருந்தால் முட்டி கழுவப்பட்டிருக்கின்றது, சுண்ணாம்பு அளவாக இருந்திருக்கின்றது, அன்றைய நீர் அன்றைக்கே காய்ந்திருக்கின்றது என்று பொருள். விலையைக் கேட்டதும், பக்கத்துக் கடையிலே சீனி இதிலும் மலிவு என்று சொல்லிப் பேரம் பேசுகின்றவர்களும் நம்மவர்தாம்.